சாவு சொல்லப் பழகுகிறார்கள்

1

இந்தக் கதை எனக்காகத் தோன்றி நான் எழுதியதில்லை. எழுதித் தரச் சொன்னார்கள். சொன்னது கல்லூரி மேடம், தகவல் தொடர்புப் படிப்புக்குத் தலைமை. "ஐயா, அன்னிக்கு நடந்ததை ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. பசங்களுக்குப் பாடமா வெச்சுக்கலாம். கடைசியில மூணு படிப்பினை மட்டும் போட்டுடுங்க" என்றார். ஒரு சாவைப் பற்றி எழுதச் சொல்லிவிட்டு, அதற்கு அடியில் மூன்று படிப்பினை கேட்கிற ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை.

ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. படிப்பினையும் வரவில்லை. அதனால் இது மேடத்துக்குப் போகாது, உங்களுக்கு வருகிறது. நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. தெரியாதவர்களை நான் நம்புவதில்லை. தெரிந்தவர்களையும் பெரிதாக நம்புவதில்லை, அது வேறு விஷயம்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

'அன்று காலை வானம் இருண்டு கிடந்தது. தகப்பனாருக்கு ஏனோ மனசே சரியில்லை. ஏதோ நடக்கப் போகிறது என்று அவருடைய உள்மனசு—'

பொய். வானம் பளிச்சென்று இருந்தது. தகப்பனார் நன்றாகத் தூங்கி எழுந்து, பல் விளக்கி, செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். உள்மனசு ஒன்றும் சொல்லவில்லை. அடித்துவிட்டேன். ஆனால் கிழித்துப் போடவில்லை. பொய் எவ்வளவு லேசாகக் கைக்கு வருகிறதென்று நீங்களும் பாருங்கள்.

இரண்டாவது தொடக்கம்:

'இது ஒரு கிடங்கு விபத்தின் கதை.'

அதுவும் இல்லை. விபத்து இந்தக் கதைக்குள் நடக்கவே இல்லை. அது எங்கேயோ நடந்து, அதற்கு முன்பே முடிந்துவிட்டது. இந்தக் கதை நடப்பது ஒரு கூடத்தில். நாலு பிளாஸ்டிக் நாற்காலி, சமையலறை வாசலில் ஒரு திரை, திரைக்குப் பின்னால் ஒரு தண்ணீர்க் குழாய். அவ்வளவுதான் சாமான். அந்தக் குழாயை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதை மறந்தாலும் பாதகமில்லை.

2

தகப்பனார் என்பது அவர் பேரில்லை. எங்கள் கட்டடத்தில் அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடைசியில் தபால்காரரும் "தகப்பனார் வீடு எது?" என்று கேட்டு வர ஆரம்பித்துவிட்டார். அவர் மூன்றாம் மாடி. அவருக்கு நேர் கீழே இரண்டாம் மாடி நான். அவர் பிஸ்கட் கம்பெனியில் பெட்டி கட்டுகிற வேலை பார்த்து, முட்டி தேய்ந்து, வீட்டோடு உட்கார்ந்துவிட்ட மனுஷர்.

பேர் வந்த விதம் இது. பக்கத்துக் கல்லூரியில் தகவல் தொடர்பு படிக்கிற பிள்ளைகளுக்குச் செய்முறைப் பயிற்சி உண்டு. மைக் பிடிப்பது, கேமரா தூக்குவது, செய்தி எழுதுவது எல்லாம் ஒரு பக்கம். இது வேறு. படித்து முடித்தபின் இவர்களில் பாதிப் பேர் ஆஸ்பத்திரியிலும் கம்பெனியிலும் வெளியாட்களோடு பேசுகிற வேலைக்குத்தான் போகிறார்கள். அங்கே ஏதாவது ஆகிவிட்டால் செத்தவன் வீட்டில் போய் யார் சொல்வது? முதலாளி போவானா? இவர்களைத்தான் தள்ளிவிடுவான். அதனால் மேடம் ஒரு வகுப்பறையை ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி மாற்றி, சும்மா கிடக்கிற எங்களைப் போன்ற ஆட்களைக் கூட்டிவந்து, நீ அப்பா, நீ சித்தி, நீ சத்தம் போடுகிற பெரியப்பா என்று உட்கார வைப்பார். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து எங்களுக்குச் சாவு சொல்லவேண்டும். நாங்கள் அழவேண்டும். மதியச் சாப்பாடு அவர்கள் பொறுப்பு.

சத்தம் போடுகிற பெரியப்பா நான்தான். எனக்கு நடிக்கவேண்டிய தேவையே இருக்கவில்லை.

சாவு சொல்ல மேடம் ஒரு முறை வைத்திருந்தார். முதலில் ஆளை உட்கார வைக்கவேண்டும். செத்தவர் பேரைச் சொல்லவேண்டும். 'போயிட்டார்', 'நம்மகூட இல்ல' என்றெல்லாம் மழுப்பாமல் 'இறந்துட்டார்' என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லவேண்டும். சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருக்கவேண்டும். கேட்டவர் என்ன செய்தாலும் சரி, அவராகப் பேசுகிற வரைக்கும் இவர்கள் பேசக்கூடாது.

(நல்ல முறைதான். குறை சொல்ல ஒன்றுமில்லை. குறையிருந்தால் சொல்லியிருப்பேன், என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியாது.)

தகப்பனார் அழுவதற்கென்று தனியாக ஒரு முறை வைத்திருந்தார். முதலில் முட்டியைப் பிடித்துக்கொள்வார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைப்பார். அப்புறம், யாரையும் பார்க்காமல், "நேத்துகூடப் பேசினானே" என்பார். அவ்வளவுதான். பிள்ளைகள் பொலபொலவென்று அழுதுவிடுவார்கள். முடிந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "பத்துக்கு ஏழு. பேரைச் சொல்லும்போது கீழ பார்த்துட்ட" என்று மார்க் போடுவார். மார்க் போடச் சொல்லி யாரும் அவரைக் கேட்கவில்லை. பிஸ்கட் கம்பெனியில் யாரும் அவருக்காகக் கைதட்டினதில்லை, அதனால் நானும் ஒன்றும் சொல்லவில்லை.

அவர் சம்சாரத்துக்கு இது ஆகவே ஆகாது. அந்தம்மா எனக்குத் தங்கச்சி முறை. தையல் கடைக்கு வீட்டிலிருந்தே பட்டன் வைத்துக் கொடுக்கிறவள். முதல் வருஷமே கறாராகச் சொல்லிவிட்டாள்.

"நீ எப்படியோ நடி. ஆனா சாகிறவன் என் புள்ள பேர்ல சாகக் கூடாது. அந்தப் பேர் உன் வாயிலயும் வரக் கூடாது, அந்தப் பசங்க வாயிலயும் வரக் கூடாது."

அவர்களுக்கு இருப்பது ஒரே பிள்ளை. வீட்டில் குட்டி. ஆறடி உயரம், நிலைப்படியில் தலை இடிக்காமல் உள்ளே வரமாட்டான், ஆனாலும் குட்டி. அதனால் தகப்பனார் இல்லாத ஒரு பிள்ளையை உண்டாக்கினார். மூத்தவன். அந்த மூத்தவன் வருஷாவருஷம் செத்தான். லாரியில் அடிபட்டு, காய்ச்சலில், மின்சாரம் தாக்கி, மேடம் எப்படிச் சொல்கிறாரோ அப்படி. ஒருநாள் மொட்டைமாடியில் உட்கார்ந்திருக்கும்போது தகப்பனார், "அண்ணே, மூத்தவன் இருந்திருந்தா இப்ப கல்யாணம் ஆகியிருக்கும்" என்றார். சொன்ன பிறகு அவரே என்னைப் பார்த்துத் திருட்டு முழி முழித்தார். நான் சிரிக்கவில்லை. தங்கச்சி காதில் விழுந்திருந்தால் இரண்டு பேரையும் தொலைத்திருப்பாள்.

3

இந்த இடத்தில் ஒரு பெண் வரவேண்டும். வருகிறாள். பேர் முழுங்கி.

பட்டம் வைத்தது கூடப் படித்த பிள்ளைகள். 'இறந்துட்டார்' என்ற அந்த ஒரு சொல் வரும் இடத்தில் முழுங்கிவிடுவாள். உட்கார வைப்பாள், பேரைச் சொல்வாள், அப்புறம் தொண்டைக்குள் ஏதோ மாட்டிக்கொண்ட மாதிரி நிற்பாள்.

"ஐயா, உங்க மகன்... வந்து... உங்க மகன் வந்து..."

"வந்துட்டானா? அப்ப சரி, கை கால் கழுவிட்டுச் சாப்பிடச் சொல்லு" என்பார் தகப்பனார். வகுப்பே சிரிக்கும். அவளும் சிரிப்பாள், கண்ணில் தண்ணீரோடு.

பரீட்சையில் தவறிவிடுவோம் என்ற பயத்தில் தகப்பனார் வீட்டுக்கே வந்து பழக ஆரம்பித்தாள். வாரத்துக்கு இரண்டு தரமாவது மாடிப்படி ஏறுவாள். தங்கச்சிக்கு அவள்மேல் கோபமில்லை. கோபமெல்லாம் புருஷன்மேல்தான்.

"இன்னிக்கு எத்தனை தடவை சாகப் போறான்?"

"ரெண்டு தடவை போதும்மா. முட்டி வலிக்குது."

"எனக்கு இதெல்லாம் காதால கேக்க முடியாது. நான் பாத்திரம் தேய்க்கிறேன். முடிஞ்சதும் சொல்லு."

சமையலறைத் திரையை இழுத்துவிட்டு, குழாயை முழுசாகத் திறந்துவிடுவாள். பாத்திரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். தண்ணீர் தொட்டியில் விழுகிற சத்தத்தில் கூடத்தில் பேசுவது ஒன்றும் கேட்காது. கொஞ்ச நேரம் கழித்துக் குழாயை மூடிவிட்டு உள்ளிருந்தே ஒரு குரல் கொடுப்பாள்: "முடிஞ்சுதா?" முடிந்தது என்று தகப்பனார் சொன்னால் டீயோடு வெளியே வருவாள். முடியவில்லை என்றால் மறுபடி குழாய்.

(அந்தத் தண்ணீர் இறங்குகிற பைப் என் வீட்டுக் குளியலறைச் சுவர் வழியாகத்தான் போகிறது. மூத்தவன் சாகும்போதெல்லாம் எனக்குத் தெரியும். 'சுவரில் அவனுடைய ஆன்மா ஓடியது' என்று ஒரு வரி எழுதினேன். அசிங்கமாக இருந்தது. ஓடியது சோப்புத் தண்ணீர்.)

கடைசியில் முழுங்கிக்கு அந்தச் சொல் வந்துவிட்டது. எப்படி வந்ததென்று தெரியாது. பழகப் பழக வந்துவிட்டது, அவ்வளவுதான். பரீட்சை பார்க்க வெளியிலிருந்து வந்தவர்களில் ஒருவர் ஒரு பெரிய கிடங்குக் கம்பெனிக்காரர். அவள் சொன்ன விதம் பிடித்துப்போய் அங்கேயே வேலை கொடுத்துவிட்டார். தகப்பனார் எங்கள் கட்டடம் முழுக்க ஸ்வீட் கொடுத்தார், என்னமோ தன் பெண் பாஸானது போல.

4

இந்த இடத்தில் நான் ரொம்ப நாள் நின்றுவிட்டேன். காரணம் சொல்கிறேன்.

குட்டிக்கு வேலை இல்லாமல் இருந்தது. தகப்பனார் முழுங்கியிடம், "உங்க கிடங்குல நம்ம பயலுக்கு ஏதாவது இருந்தா சொல்லேம்மா" என்றார். அவள் சொன்னாள். குட்டிக்குச் சரக்குத் தூக்கும் வண்டி ஓட்டுகிற வேலை கிடைத்தது. இரும்பு அடுக்குகள் ஏழெட்டு ஆள் உயரத்துக்கு நிற்குமாம், அதற்கு நடுவில் சின்ன வண்டி. "அப்பா, அங்க நான் குட்டிதாம்ப்பா, அண்ணாந்து பார்த்தா கழுத்து வலிக்குது" என்று வந்து சொன்னான்.

இப்போது தெரிகிறதா எங்கே நிற்கிறேன் என்று? இந்தப் பெண்ணைக் கெட்டவளாக்கிவிட்டால் கதை தானாக ஓடும். கம்பெனிக்குக் கைக்கூலி, மினுக்கிக்கொண்டு வந்து நிற்பவள், அடுக்கு ஆடுகிறதென்று முன்பே தெரிந்தும் வாய் திறக்காதவள். அப்படி ஒரு வரைவு எழுதினேன். நாலு பக்கம். விறுவிறுவென்று வந்தது. படித்துப் பார்த்தேன். அதில் இருந்தவள் மாடிப்படி ஏறும்போது என் வீட்டுக் கதவைத் தட்டி, "பெரியப்பா, மேல போறேன், ஏதாவது வாங்கியாரணுமா?" என்று கேட்கிற பெண் இல்லை. கிழித்துவிட்டேன். அதை மட்டும் கிழித்தேன்.

அவளை நல்லவளாக்கவும் மனசு வரவில்லை. அன்றைக்கு நடந்ததை மாடிப்படியில் உட்கார்ந்து அவள்தான் எனக்குச் சொன்னாள். மூன்று தரம் சொன்னாள். மூன்று தரமும் ஒரு எழுத்து மாறவில்லை. உண்மையைச் சொல்கிறவனுக்குக் கொஞ்சமாவது தடுமாறும். இவளுக்குத் தடுமாறவில்லை. பொய் சொல்கிறாளா? இல்லை. சொல்லப் பழகினவள். இரண்டுக்கும் என்னால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. எனக்குப் படிப்புப் பத்தாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தகப்பனார் மனசில் என்ன ஓடியதென்று வரப்போகும் பக்கத்தில் எழுதியிருப்பேன். அது நான் போட்டது. அவர் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கலாமா அதை?

5

காலை. தகப்பனார் கதவைத் திறந்தார். முழுங்கி நின்றாள். கழுத்தில் கம்பெனி அட்டை. தலை படிய வாரியிருந்தாள்.

"என்னம்மா, விடிஞ்சும் விடியாம? போன வாரந்தானே வந்துட்டுப் போன?"

போன வாரம் வந்தது பழகுவதற்குத்தான். கம்பெனியிலும் வேலை நிரந்தரமாவதற்கு முன்னால் இதே மாதிரி ஒரு பரீட்சை வைக்கிறார்களாம், அதற்காக. அதனால் தகப்பனாருக்குச் சந்தேகமே வரவில்லை. பரீட்சை நெருங்கிவிட்டது, பயந்துபோய் ஓடிவந்திருக்கிறாள் என்று நினைத்தார். அவருக்கு உள்ளூர சந்தோஷம்கூட. இன்னும் தன்னைத் தேடி வருகிறாளே.

"ஐயா, உள்ள வரலாமா?"

"இது என்ன புதுப் பழக்கம்? வா, வா." உள்ளே திரும்பி, "ஏம்மா, நம்ம முழுங்கி வந்திருக்கு."

திரைக்குப் பின்னாலிருந்து தங்கச்சியின் குரல் வந்தது. "இன்னிக்குமா? சாகிறதுக்கு ஒரு நேரங்காலம் வேணாமா? ஒரு வாய் காப்பி குடிக்க விடமாட்டீங்களே. சரி, சரி, முடிச்சிட்டுச் சொல்லுங்க."

குழாய் திறந்தது.

முழுங்கி திரையைப் பார்த்தாள். "ஐயா, அம்மாவையும் கூப்பிட்டா..."

"அவ வரமாட்டா. உனக்குத் தெரியாதா? நீ ஆரம்பி."

"ஐயா, நீங்க முதல்ல உட்காருங்க."

என் வீட்டிலேயே என்னை உட்காரச் சொல்கிறாள், பார், என்று தகப்பனார் மனசுக்குள் மெச்சிக்கொண்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு, முட்டியை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். முகத்துக்கு நேராக, ஏறவும் இல்லாமல் இறங்கவும் இல்லாமல் பார்த்தாள்.

"நான் கம்பெனியிலேருந்து வந்திருக்கேன். ரொம்பக் கெட்ட செய்தி ஒண்ணு சொல்லணும்."

தகப்பனார் தலையாட்டினார். போன வாரம் இந்த இடத்திலேயே ஒரு திக்கல் இருந்தது. இன்றைக்கு இல்லை.

"இன்னிக்கு விடியக்காலையில கிடங்குல ஒரு அடுக்கு சாஞ்சுடுச்சு. உங்க மகன் அதுக்கு அடியில மாட்டிக்கிட்டார். அவர் இறந்துட்டார்."

'உங்க மகன்' என்பதற்கு அடுத்து அவள் ஒரு பேரைச் சொன்னாள். குட்டியின் சொந்தப் பேர், தகப்பனார் வைத்த பேர். அதை நான் இங்கே எழுதவில்லை. தங்கச்சி போட்ட கட்டளை எனக்கும் சேர்த்துத்தான்.

தகப்பனாருக்குச் சுருக்கென்றது. சட்டென்று திரையைத் திரும்பிப் பார்த்தார். நல்லவேளை, தண்ணீர்ச் சத்தம் குறையவில்லை.

"ஏய்" என்றார், குரலை இறக்கி. "என்ன பேர் சொல்ற நீ? அவ காதுல விழுந்தா துடைப்பக்கட்டையால வெளுத்துடுவா. மூத்தவன்னு சொல்லணும், எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

முழுங்கி பேசவில்லை. சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருக்கவேண்டும் என்பது முறை. காத்திருந்தாள்.

அட, காத்திருக்கிறாளே, என்று தகப்பனார் நினைத்தார். பேரில் தப்புப் பண்ணினாலும் மற்றதெல்லாம் சுத்தம். சரி, நடுவில் நிறுத்தி அவளைக் குழப்பவேண்டாம், பேர் விஷயத்தை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். தன் பங்கைச் செய்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"நேத்துகூடப் பேசினானே" என்றார்.

நேற்று ராத்திரி வேலைக்குக் கிளம்பும்போது அவன் பேசித்தான் இருந்தான். செருப்பு வார் அறுந்துவிட்டது, நாளைக்கு வரும்போது ஒன்று வாங்கிக்கொண்டு வருகிறேன், உனக்கும் வேணுமாப்பா, என்று கேட்டான். எனக்கு எதுக்குடா, நான் எங்க போறேன், என்றார் இவர். அந்த ஞாபகம் வந்ததில் அழுகை என்றைக்கும் இல்லாத மாதிரி அடிவயிற்றிலிருந்து வந்தது. தகப்பனாருக்கே ஆச்சரியம். நன்றாக வந்துவிட்டதே என்று ஒரு பெருமை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"பத்துக்கு ஒன்பது. பேரை மாத்தினதுக்கு ஒண்ணு கழிச்சாச்சு. மத்தபடி ஒரு எழுத்து முழுங்கல. இதுக்கு மேல உனக்குப் பழக்கமே வேணாம், போ."

அவள் வாயைத் திறந்தாள்.

"ஐயா... இது வந்து..." தொண்டை ஏறி இறங்கியது. "ஐயா, வந்து... இது..."

"போச்சுடா. மறுபடி ஆரம்பிச்சுட்டியா?" என்று சிரித்தார் தகப்பனார். சிரித்துக்கொண்டே இருந்தவர், அவள் கையைப் பார்த்தார். கழுத்து அட்டையின் கயிற்றை விரலில் சுற்றிச் சுற்றி, விரல் நுனி கறுத்துப்போயிருந்தது.

சிரிப்பு அப்படியே முகத்தில் இருந்தது. எடுத்து எங்கே வைப்பதென்று தெரியாத மாதிரி.

*

(நட்சத்திரக் குறிப்பு. மேடம், நீங்கள் ஒருவேளை இதைப் படித்தால்: அந்த வீட்டுக்குச் செய்தி வந்து சேர்ந்தது இந்த இடத்தில்தான். அவள் ஒழுங்காகச் சொன்னபோது வரவில்லை. இதை என்ன படிப்பினை என்று போடுவீர்கள்? எனக்குத் தெரியவில்லை. பிள்ளைகளைப் பழக்காமல் விடுங்கள் என்றும் சொல்ல மாட்டேன். பழகாதவன் வந்து வாசலில் உளறிவிட்டுப் போனால் மட்டும் நன்றாக இருக்குமா? நாசமாய்ப் போகட்டும்.)

6

இனி நான் கண்ணால் பார்த்தது.

முகச்சவரத்துக்குச் சோப்பு போட்டுக்கொண்டிருந்தேன். மேலே தண்ணீர் திறந்த சத்தம் கேட்டது, சரி, மூத்தவன் சாகிறான் என்று நினைத்துக்கொண்டேன். வழக்கமாகச் சீக்கிரம் நின்றுவிடும். அன்றைக்கு நிற்கவே இல்லை. என் குழாயில் நூல் மாதிரி வந்து, சொட்டி, அதுவும் நின்றது. மொட்டைமாடித் தொட்டியே காலியாகிறது என்று தெரிந்ததும் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லவேண்டாம். பாதி முகத்தில் சோப்போடு மாடி ஏறினேன்.

கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. தள்ளிக்கொண்டு, "ஏம்மா, தொட்டித் தண்ணி முழுக்க உங்க வீட்டுக்கே தாரை வார்த்திருக்கா? மத்தவன் மனுஷன் இல்லையா? ஒரு செத்த பொணத்துக்கு எவ்வளவு தண்ணிதான்—"

நின்றுவிட்டேன். நின்றது எதனாலென்றால், தகப்பனார் என்னைப் பார்த்த பார்வை.

வகுப்பில் எங்கள் வரிசை அதுதான். அப்பா அழுது முடித்ததும் பெரியப்பா கதவைத் தள்ளிக்கொண்டு வந்து சத்தம் போடவேண்டும். தகப்பனார் முகம் மலர்ந்தது. அதற்கு வேறு சொல் என்னிடம் இல்லை. மலர்ந்தது.

"அண்ணே, நீங்களும் வந்துட்டீங்களா?" என்றார். "அப்ப... மேடம்தானே அனுப்பினாங்க? உங்ககிட்ட சொல்லி அனுப்பினாங்கதானே? எனக்கு மட்டும் சொல்லாம வெச்சிருக்கீங்க. நெஜமா இருக்கட்டும்னு. அதானே அண்ணே?"

நான் முழுங்கியைப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டினாள். இல்லை என்று.

"அண்ணே, சத்தம் போடுங்கண்ணே" என்றார் தகப்பனார். "ஏன் நிறுத்திட்டீங்க? போடுங்க."

வாழ்நாள் முழுக்க யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சத்தம் போட்ட வாய் இது. திறக்கவில்லை. சோப்பு காய்ந்து கன்னத்தை இழுத்தது.

அப்போது சமையலறையில் குழாய் இருமியது. காற்று வந்தது, ஒரு தரம் துப்பியது, நின்றுவிட்டது. தங்கச்சி மூடவில்லை. தண்ணீர் தீர்ந்துவிட்டது. கூடத்தில் எங்கள் மூச்சு கேட்டது. திரைக்கு அந்தப் பக்கம் அவள் கையைப் புடவையில் துடைக்கிற சத்தமும் கேட்டது.

"முடிஞ்சுதா?" என்றாள்.

7

முடிவு எழுதிப் பார்க்காமல் இல்லை.

'முழுங்கி எழுந்தாள். திரையை விலக்கினாள். "அம்மா, நீங்க முதல்ல உட்காருங்க" என்று—'

தங்கச்சி உட்காரமாட்டாள். "யாரைடி உட்காரச் சொல்ற, ஆட்டத்துக்கு என்னையும் சேக்கறியா?" என்று விரட்டுவாள். அந்தப் பேரைச் சொன்னதும் அறைவாள். எந்தக் காரணத்துக்காக அறைந்தோம் என்று அப்புறம் அவளுக்குத் தெரியவரும். என்னால் எழுத முடியாது.

'தகப்பனார் சொன்னார். "முடிஞ்சுதும்மா" என்று—'

சொன்னால் அவள் டீ கொண்டுவருவாள். அதுதான் வழக்கம். "இன்னும் முடியல" என்றால் குழாயைத் திருகுவாள், தண்ணீர் வராது, ஏன் வரவில்லை என்று கேட்டுக்கொண்டே வெளியே வருவாள். அந்த வீட்டில் இருந்த இரண்டு பதிலும் இப்படிக் கெட்டுப்போய்விட்டன.

'பெரியப்பா முன்னால் வந்தார். உரத்த குரலில்—'

அடித்துவிட்டேன். என்னை நானே நம்புவதில்லை.

கதையை இங்கே நிறுத்தினால் பிள்ளை உயிரோடு இருப்பான் என்று படித்தவர்கள் சொல்லக்கூடும். அந்தச் சமாதானமெல்லாம் என்னிடம் வேண்டாம். குட்டி செத்துவிட்டான். நான் எழுதினாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி. அடுக்கு சாய்ந்தபோதே செத்துவிட்டான். சொல்வது எப்படி என்பது மட்டும்தான் பாக்கி.

உண்மையில் அன்றைக்கு யார் சொன்னார்கள் என்று கேட்பீர்கள். யாரோ சொன்னார்கள். சொல்லாமல் இருக்க முடியுமா? அதை உங்களுக்குச் சொல்ல மாட்டேன். சொன்னால், ஓ, இப்படித்தான் சொல்லவேண்டுமோ என்று ஒருவன் குறித்துக்கொள்வான். இன்னொருவன், இப்படிச் சொல்லக்கூடாது என்று குறித்துக்கொள்வான். மேடத்துக்கு இரண்டு படிப்பினை கிடைத்துவிடும்.

அதனால் உங்களைத்தான் உள்ளே விடுகிறேன். நாலாவது நாற்காலி காலியாக இருக்கிறது, ஆனால் உட்கார நேரமில்லை. தகப்பனாரால் முடியாது, அவர் இன்னும் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார். முழுங்கி முழுங்கிவிட்டாள். நான் என்னைப் பற்றிச் சொல்லிவிட்டேன். இந்தக் கூடத்தில் மிச்சமிருப்பது நீங்கள் ஒருவர்தான். உங்களுக்கு முறை தெரியும், இரண்டாம் பகுதியில் எழுதியிருக்கிறேன், வேண்டுமானால் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அந்தப் பேர் மட்டும் உங்களுக்குத் தெரியாது. பேரைச் சொல்லவேண்டும் என்பது முறை. பேரைச் சொல்லக்கூடாது என்பது அவள் கட்டளை. அதையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். பென்சிலால் எழுதாதீர்கள். அழித்துக்கொள்ளலாம் என்று தோன்றும்.

திரை அசைகிறது. டம்ளர்கள் தட்டில் இடித்துக்கொள்கின்றன.

"முடிஞ்சுதான்னு கேக்கறேன்ல? ஏன் ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டேங்கறீங்க?"

................................................................

................................................................